ஆபீஸ் மெயிலுக்கு தானா பதில் போற புரோகிராம்: தீபாவளிக்குள்ள முடிச்சிடலாமா?

கேள்வி, 8 அக்டோபர் 2025, ராத்திரி 10.50

பெங்களூரு வைட்ஃபீல்டுல ஒரு கம்பெனி, எச்ஆர் ஹெல்ப்டெஸ்க்ல இருக்கேன். ஷேர்டு மெயில்பாக்ஸ் ஒண்ணு, மைக்ரோசாஃப்ட் 365. தீபாவளிக்கு டீம்ல பாதிப்பேர் ஊருக்கு கிளம்பிடுவோம், நான் சேலம். "வர்ற மெயிலுக்கெல்லாம் தானா பதில் போற மாதிரி ஒரு புரோகிராம் எழுதி வச்சிட்டு போ"ங்கறார் மேனேஜர். பைதான் தெரியும். இன்பாக்ஸ படிச்சு ஒவ்வொண்ணுக்கும் ரிப்ளை அடிச்சா முடிஞ்சுதானே? இருபது வரிக்கு மேல வராதுனு நினைக்கிறேன். செஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பதில், 9 அக்டோபர், காலை 7.40

இருபது வரி பதில் அனுப்புறதுக்கு போதும். யாருக்கு அனுப்பக்கூடாதுனு கண்டுபிடிக்கிறதுக்குத்தான் மீதி வேலை பூரா. நான் பொம்மசந்திரா பக்கம் ஒரு கம்பெனியில இதையே செஞ்சவன், இதே எச்ஆர் மெயில்பாக்ஸ், இதே பைதான், அதனால பட்டதைச் சொல்றேன்.

வர்றதெல்லாம் மனுஷன் அனுப்புறதுனு எடுத்துக்காதீங்க. போய்ச் சேராம திரும்பி வர்ற பவுன்ஸ், இன்னொருத்தரோட லீவு பதில், புகாருக்கு நம்பர் போட்டு பதிவு பண்ற டிக்கெட் சிஸ்டம், கைரேகை மெஷின் தினம் காலையில அனுப்புற அட்டெண்டன்ஸ் ரிப்போர்ட், பேங்க் நோட்டிஸ், இன்சூரன்ஸ்காரன் விளம்பரம், எல்லாம் அந்த ஒரே பெட்டியில வந்து விழும். இதுல எதுக்கு பதில் போட்டாலும் வம்பு. இதுக்குனே 2004ல கீத் மூர் எழுதுன ஆர்எஃப்சி 3834னு ஒரு இன்டர்நெட் விதி ஆவணம் இருக்கு, ஒரு மதியத்துல படிச்சிடலாம், படிச்சிட்டே ஆரம்பிங்க. அதுல உயிரான விஷயம் இதுதான்: வந்த மெயிலோட ஹெடர்ல (மெயிலோட மறைவா கூடவே வர்ற தகவல் வரிகள்) ஆட்டோ-சப்மிட்டட்னு ஒண்ணு இருந்து, அதுல "நோ" தவிர வேற என்ன எழுதியிருந்தாலும் பதில் போடக்கூடாது. நீங்க போடுற பதில்லயும் அதே ஹெடர வச்சு ஆட்டோ-ரிப்ளைடுனு எழுதணும். ரெண்டு பக்கமும் இத செஞ்சாத்தான் ரெண்டு மெஷினும் ஒண்ணுக்கொண்ணு விடிய விடிய பேசிக்காம இருக்கும்.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன். ரிட்டர்ன்-பாத்ங்கற திருப்பி அனுப்புற முகவரி வெறும் <> னு இருந்தா பவுன்ஸ், தொடாதீங்க. லிஸ்ட்-ஐடி இல்லைனா லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப் இருந்தா குழு மடலோ விளம்பரமோ, விட்டுடுங்க. பிரெசிடன்ஸ்ங்கற ஹெடர்ல பல்க், லிஸ்ட், ஜங்க் இப்படி இருந்தா அதுக்கும் வேணாம். நோ-ரிப்ளைனு ஆரம்பிக்கிற முகவரிக்கு வேணாம். ஒரே ஆளுக்கு 7 நாளைக்கு ஒரு பதிலுக்கு மேல போகக்கூடாது, யாருக்கு எப்போ போச்சுனு ஒரு டேபிள்ல எழுதி வச்சிக்கோங்க.

9 அக்டோபர், காலை 8.25

மஞ்சள் லைன் மெட்ரோல உட்கார்ந்து யோசிச்சேன். நோ-ரிப்ளை முகவரிய வடிகட்டச் சொன்னேன்ல, செய்யுங்க, ஆனா அத நம்பி இருக்காதீங்க. எங்களுக்கு வினை வந்தது சப்போர்ட்னு ஆரம்பிச்ச ஒரு முகவரியில இருந்து. பேரப் பாத்தா மனுஷன் மாதிரியே இருந்துச்சு. அந்தக் கதைய ராத்திரி எழுதுறேன், இப்போ ஸ்டேஷன் வந்திருச்சு.

9 அக்டோபர், ராத்திரி 11.10

2022. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு புரோகிராம ஓடவிட்டேன். நாலஞ்சு டெஸ்ட் மெயில் போட்டுப் பாத்தாச்சு, அழகா பதில் வருது, "தங்கள் மடல் கிடைக்கப்பெற்றது, 24 மணி நேரத்துக்குள் பதில் அளிக்கப்படும்"னு தமிழ்ல ஒரு வரி, கன்னடத்துல ஒரு வரி, இங்கிலீஷ்ல ஒரு வரி. எனக்கு பெரிய சந்தோஷம். எட்டு மணி வாக்குல ஒரு வெண்டரோட டிக்கெட் சிஸ்டம் எங்களுக்கு ஒரு மெயில் அனுப்புச்சு. என்னது பதில் போட்டுச்சு. அது அந்த பதிலையே புது கம்ப்ளெயின்ட்னு எடுத்துக்கிட்டு புது நம்பர் போட்டு "உங்கள் கோரிக்கை பதிவானது"னு திருப்பி அனுப்புச்சு. என்னது அதுக்கும் போட்டுச்சு.

ஒரே தலைப்புல ரெண்டாவது தடவை வந்தா பதில் போடாதனு நான் ஒரு காவல் வச்சிருந்தேன். ஆனா ஒவ்வொரு தடவையும் டிக்கெட் நம்பர் மாறுது, அதனால தலைப்பும் மாறுது, அதனால என் காவல் ஒவ்வொண்ணையும் புது மெயிலா நினைச்சு உள்ள விட்டுச்சு. ஆளப் பாத்து எண்ணியிருக்கணும், நான் தலைப்பப் பாத்து எண்ணுனேன். என் புரோகிராம் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இன்பாக்ஸ பாக்கும். வெள்ளி ராத்திரி எட்டுல இருந்து திங்கள் காலை எட்டு வரைக்கும் 60 மணி நேரம், ஆயிரத்து எண்ணூறு சுத்து.

மைக்ரோசாஃப்ட் 365ஓட மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்ல உச்சவரம்பு இருக்கே, அது நிறுத்தாதானு அன்னிக்கு எங்க ஐடி ஆள் கேட்டாரு. ஒரு மெயில்பாக்ஸ்ல இருந்து நாளைக்கு 10,000 பேருக்கு வரைக்கும் போகலாம், நிமிஷத்துக்கு 30 மெயில் வரைக்கும் போகலாம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணுனா நாளைக்கு 720 தான். அந்தக் காவல்காரன் கண்ணுக்கே இது தெரியாது. மெதுவா ஓடுற லூப்ப எந்த உச்சவரம்பும் புடிக்காது, நீங்களேதான் புடிக்கணும்.

மெயில் குவிஞ்சதோட போயிருந்தா திங்கட்கிழமை அழிச்சிட்டு மறந்திருப்பேன். அந்த ஆயிரத்து எண்ணூறுக்கு நடுவுல சனிக்கிழமை காலையில ஒரு மனுஷனோட மெயில் வந்து கிடந்துச்சு. எங்க ஓசூர் பிளாண்ட்ல நைட் ஷிஃப்ட் பாக்குற ஒரு அண்ணன். அவர் சம்சாரத்துக்கு அவசர ஆபரேஷன், இன்சூரன்ஸ் கார்டுல இருக்கிற பேரும் ஆதார்ல இருக்கிற பேரும் ஒரு எழுத்து வித்தியாசம், கம்பெனியில இருந்து ஒரு லெட்டர் வந்தா கேஷ்லெஸ்ல எடுத்துக்கிறோம்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. போன்ல தட்டித் தட்டி மூணு வரி எழுதி கார்டு ரெண்டையும் போட்டோ புடிச்சு அனுப்பியிருக்காரு. அடுத்த ரெண்டாவது நிமிஷம் "24 மணி நேரத்துக்குள் பதில் அளிக்கப்படும்".

அவர் அத நம்பிட்டாரு. நம்பினதால யாருக்கும் போன் பண்ணல. ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க, வந்துரும்னு ஆஸ்பத்திரி கவுண்டர்ல அந்த பதிலக் காட்டியிருக்காரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு நகைய அடகு வச்சு பணம் கட்டிட்டாரு. திங்கட்கிழமை பதினொரு மணிக்குத்தான் நான் அந்த மெயில பாத்தேன். போன் பண்ணுனா, "பரவால்ல தம்பி, நீங்கதான் கிடைச்சிருச்சுனு சொல்லியிருந்தீங்களே, அதான் தொந்தரவு பண்ணலை"ங்கறாரு. பணம் பின்னாடி ரீஇம்பர்ஸ்மென்ட்ல வந்துச்சு, நகை மீட்க மூணு மாசம் ஆச்சு.

கேட்டவர் இருபது வரினு எழுதுனதப் பாத்ததும் அவர் குரல்தான் ஞாபகம் வந்துச்சு, அதான் இவ்வளவு நீளமா எழுதிட்டேன்.

10 அக்டோபர், மதியம் 1.15

ஒருத்தர் "இது என்ன புதுப் பிரச்சனையா, இத்தன வருஷமா யாரும் தீர்க்கலையா"னு கேட்டிருக்காரு. எப்பவோ தீர்த்துட்டாங்க, நாமதான் பாக்கறதில்ல. யூனிக்ஸ்ல வெகேஷன்னு ஒரு புரோகிராம், எழுதுனது சென்ட்மெயில்ங்கற மெயில் சர்வர எழுதுன அதே எரிக் ஆல்மன், 1986ல வந்த 4.3 பிஎஸ்டிங்கற யூனிக்ஸ் பதிப்புலயே இருக்கு. அதுல ஒவ்வொருத்தருக்கும் வாரத்துக்கு ஒரு பதில்தான், யாருக்கு போச்சுனு ஒரு சின்ன டேட்டாபேஸ் ஃபைல் வச்சிக்கும். டூ-லயோ சிசி-லயோ உங்க பேர் நேரடியா இல்லைனா பதில் போடாது. மெயிலர்-டீமன், போஸ்ட்மாஸ்டர் மாதிரி சர்வரோட முகவரிக்கு போடாது. பிரெசிடன்ஸ் பல்க்னா போடாது. நான் 2022ல விட்டது அத்தனையும் அதுல இருக்கு, நான் ஸ்கூலுக்கு போறதுக்கு முன்னாடியே எழுதி வச்சது.

லினக்ஸ்ல சொந்த மெயில் சர்வர் வச்சிருக்கிறவங்க இத எழுதவே வேணாம். சீவ்னு ஒரு ஃபில்டர் மொழி இருக்கு, அதுல வெகேஷன்னு ஒரு கட்டளை, 2008ல ஆர்எஃப்சி 5230ல வந்தது. டவ்காட்ங்கற மெயில் சர்வர் வச்சிருந்தீங்கன்னா பிஜன்ஹோல்ங்கற சேர்க்கையப் போட்டா கிடைச்சிரும். எத்தனை நாளைக்கு ஒரு தடவைனு எண்ணிக்கை மட்டும் கொடுத்தா போதும், மீதி காவல அதுவே பாத்துக்கும்.

11 அக்டோபர், காலை 10.05

திருத்தம், முக்கியமானது. கேட்டவர் கிராஃப் ஏபிஐ (மைக்ரோசாஃப்ட் 365 மெயில புரோகிராம்ல இருந்து தொடுற வழி) வழியா பதில் அனுப்பும்போது நான் சொன்ன மாதிரி ஆட்டோ-சப்மிட்டட் ஹெடர வச்சிருக்காரு, எரர் அடிக்குது, ஹெடர் பேரு எக்ஸ்-னு ஆரம்பிக்கணும்ங்குதாம். தப்பு என் மேலதான். கிராஃப்ல ஜேசன்ங்கற டெக்ஸ்ட் வடிவத்துல மெயில் அனுப்புனா எக்ஸ்-ல ஆரம்பிக்கிற ஹெடர மட்டும்தான் சேர்க்க விடும். நான் அந்தக் காலத்துல எஸ்எம்டிபிங்கற பழைய மெயில் அனுப்புற முறை வழியா அனுப்புனேன், அதுல எந்த ஹெடரும் வைக்கலாம், அந்த ஞாபகத்துலயே சொல்லிட்டேன்.

கிராஃப்லதான் செய்யப்போறீங்கன்னா எக்ஸ்-ஆட்டோ-ரெஸ்பான்ஸ்-சப்ரெஸ்னு மைக்ரோசாஃப்டோட சொந்த ஹெடர் ஒண்ணு இருக்கு, அதுல "ஆல்"னு வைங்க. எதிர்பக்கம் எக்ஸ்சேஞ்சா இருந்தா இதப் பாத்து லீவு பதில், படிச்சாச்சு ரசீது எதையும் திருப்பி அனுப்பாது. எதிர்பக்கம் வேற சர்வர்னா இது அதுக்கு புரியணும்னு அவசியமில்ல, அதனால ஆளுக்கு இத்தனைதான்ங்கற எண்ணிக்கைக் காவல் கட்டாயம் இருக்கணும். வர்ற மெயிலோட ஹெடர் கிராஃப்ல சும்மா கேட்டா வராது, இன்டர்நெட் மெசேஜ் ஹெடர்ஸ்ங்கற ஃபீல்ட தனியா கேட்டு வாங்கணும், இது தெரியாம "ஹெடரே இல்ல, எல்லாரும் மனுஷங்க"னு என் புரோகிராம் ஒரு நாள் முழுக்க நினைச்சிக்கிட்டிருந்துச்சு.

இன்னொண்ணு. இடபிள்யூஎஸ்ல (கிராஃபுக்கு முந்தின மைக்ரோசாஃப்ட் வழி) எழுதுன பழைய கோடு நெட்ல நிறைய கிடைக்கும், எடுத்து ஒட்டிடாதீங்க. 2026 அக்டோபர்ல எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்ல அத நிறுத்தப்போறதா மைக்ரோசாஃப்ட் 2023லயே சொல்லிட்டாங்க. யூசர்நேம் பாஸ்வேர்ட வச்சு உள்ள போறதும் 2022 அக்டோபர்ல இருந்து படிப்படியா மூடிட்டாங்க.

11 அக்டோபர், காலை 10.20

ரிப்ளை-ஆல் கூப்பிடாதீங்க, ரிப்ளை மட்டும். அனுப்புனவர் சிசி-ல உங்க மெயில்பாக்ஸ் முகவரியும் இருந்தா உங்க பதில் உங்களுக்கே வந்து அதுக்கு நீங்களே பதில் போடுவீங்க.

12 அக்டோபர், ஞாயிறு, சாயங்காலம் 5.30

தமிழ் தலைப்பு உடையுதுனு கேட்டிருக்காரு ஒருத்தர். இது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம், எங்க ஓசூர் ஆளுங்க தமிழ்லதான் எழுதுவாங்க, நான் பதில்லயும் அவங்க எழுதுன தலைப்பையே வச்சு அனுப்பணும்னு ஆசைப்பட்டேன்.

மெயில் ஹெடர் அடிப்படையில வெறும் ஆஸ்கி, அதாவது இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் குறிகளும்தான். தமிழ்ல தலைப்பு வைக்கணும்னா அத யூடிஎஃப்-8ஆ (எல்லா மொழி எழுத்தையும் பைட்டா எழுதுற முறை) மாத்தி பேஸ்64ல (பைட்ட ஆஸ்கி எழுத்தா எழுதுற முறை) சுத்தி அனுப்பணும், ஆர்எஃப்சி 2047. அப்படி சுத்துன ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல போகக்கூடாது. முன்னாடி அடையாளத்துக்கு 10, முடிக்கிறதுக்கு 2, மிச்சம் 63. பேஸ்64 நாலு நாலாத்தான் போகும்ங்கறதால 60. அறுபதுல 45 பைட் அடங்கும். தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட், அதனால ஒரு துண்டுல 15 குறி. கணக்கு அழகா இருக்கேனு நானே கையால 45, 45ஆ வெட்டுனேன்.

ஒருத்தர் "விடுப்பு கடிதம் வேண்டும்"னு தலைப்பு வச்சு அனுப்புனாரு. விடுப்புல வ, இகரம், ட, உகரம், ப, புள்ளி, ப, உகரம், எட்டு குறி, 24 பைட். இடைவெளி ஒரே ஒரு பைட், ஆச்சு 25. கடிதம் ஆறு குறி, 18 பைட், ஆச்சு 43. மறுபடி இடைவெளி, 44. நாப்பத்தஞ்சாவது பைட் வேண்டும்ல இருக்கிற வ-வோட மூணுல முதல் துண்டு. அந்த இடத்துல என் கத்தி விழுந்துச்சு. அவருக்கு போன பதில்ல விடுப்பு கடிதம் சரியா இருக்கு, அடுத்து வ இருக்க வேண்டிய இடத்துல கறுப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி, ரெட்டைக் கொம்பு தனியா தொங்குது. இடைவெளியே இல்லாத முழுத் தமிழ் தலைப்புனா ஒருநாளும் உடையாது, அதனால என் டெஸ்ட்ல ஒருதடவை கூட இது மாட்டல, நான் டெஸ்டுக்கு வச்சது எல்லாம் "சம்பளம்" மாதிரி ஒத்தை வார்த்தை.

ஒரு எழுத்தோட பைட்ட ரெண்டு துண்டுக்கு நடுவுல வெட்டக்கூடாதுனு அந்த ஆர்எஃப்சியே சொல்லுது. கையால செய்யாதீங்க, பைதான்ல இமெயில்மெசேஜ் கிளாஸ் இருக்கு, சப்ஜெக்ட நேரா தமிழ்லயே கொடுங்க, அதுவே ஒழுங்கா மடிச்சிக்கும். கிராஃப்னா இந்தக் கவலையே இல்ல, ஜேசன்ல அப்படியே தமிழ்ல போகும்.

14 அக்டோபர், ராத்திரி 9.45

"இவ்வளவு தலைவலிக்கு அவுட்லுக்லயே ஆட்டோமேட்டிக் ரிப்ளைஸ் போட்டுட்டு போலாமே"னு ரெண்டு பேர். நியாயம். அஞ்சு நாள் லீவுக்கு மட்டும்னா ஷேர்டு மெயில்பாக்ஸுக்கும் அத போடலாம், அட்மின் போட்டுக் குடுப்பாரு, ஆரம்ப தேதி முடிவு தேதியும் வைக்கலாம், ஆபீஸ்க்குள்ள ஒரு பதில் வெளியாளுக்கு ஒரு பதில்னு பிரிக்கலாம். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் போகும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா எண்ணிக்கை புதுசா ஆரம்பிக்கும். ஜிமெயில்ல இதே வேலைக்கு நாலு நாள் கணக்கு, அதே ஆள் நாலு நாள் கழிச்சு மறுபடி எழுதுனா மறுபடி போகும்.

ஆனா அவுட்லுக்ல ரூல் போட்டு, டெம்பிளேட் வச்சு பதில் அனுப்புறதுனு ஒரு வழி இருக்கு பாருங்க, அது வேற. அதுக்கு உங்க கம்ப்யூட்டர்ல அவுட்லுக் திறந்தே இருக்கணும். யாருக்கு பதில் போட்டோம்ங்கற கணக்கும் அவுட்லுக்க மூடித் திறந்தா அழிஞ்சிடும். லேப்டாப்ப மூடிட்டு சேலம் பஸ் ஏறுனா பதிலும் நின்னுரும்.

கேட்டவருக்கு அட்டெண்டன்ஸ், சம்பளம், இன்சூரன்ஸ்னு மெயில பிரிச்சு பிரிச்சு வேற வேற பதில் வேணுமாம், அதனால புரோகிராம் வேணும்னு சொல்றாரு. சரி.

பேச்சோட பேச்சா, இன்னிக்கு அக்டோபர் 14. 1997ல இதே தேதியிலதான் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ்குள்ளயே பெட்லம் டிஎல்3ங்கற குழு முகவரிக்கு ஒருத்தர் மெயில் போட்டு, என்னை ஏன் இதுல சேர்த்தீங்க, எடுத்து விடுங்கனு கேட்டாரு. அந்தக் குழுவுல பதிமூணாயிரம் பேர் கிட்ட. ஒவ்வொருத்தரா ரிப்ளை-ஆல்ல "என்னையும்", "என்னையும்", அப்புறம் "ரிப்ளை-ஆல் போடாதீங்க"னு ரிப்ளை-ஆல்ல. எக்ஸ்சேஞ்ச செஞ்சவங்க சர்வரே மூச்சு முட்டிப் போச்சு. அது பூரா மனுஷங்க கையால போட்டது, இதுல நம்ம புரோகிராமும் ஒரு ஆளா அந்தக் குழுவுல உட்கார்ந்திருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. லிஸ்ட்-ஐடி காவல நான் வற்புறுத்துறது அதுக்குத்தான்.

15 அக்டோபர், காலை 7.50

வெளியாளுக்குப் போற பதில்ல "மேனேஜர் 27 வரைக்கும் ஊர்ல இல்ல, அவசரம்னா இந்த நம்பர்"னு பேர் நம்பர் எல்லாம் எழுதாதீங்க. ஸ்பாம் அனுப்புறவனுக்கும் அதே பதில்தான் போகும், முகவரி உயிரோட இருக்குனும் தெரியும், யார் இல்லனும் தெரியும். அடுத்த நாள் மேனேஜர் பேர்ல "நான் வெளியூர்ல இருக்கேன், இந்த அக்கவுண்டுக்கு பணம் அனுப்பு"னு மெயில் வரும். எங்க ஆபீஸ்ல வந்துச்சு. அக்கவுண்ட்ஸ்ல இருந்த அக்கா போன் பண்ணிக் கேட்டதால தப்பிச்சோம்.

16 அக்டோபர், காலை 8.10

நிறுத்துற வழி முதல்ல செய்ங்க. போன்ல இருந்தே நிறுத்த முடியணும். நான் இப்போ வச்சிருக்கிறது, ஷேர்பாயின்ட்ல ஒரு லிஸ்ட், அதுல ஒரு கட்டம், "ஓடு"னு இருந்தா ஓடும், வேற எது எழுதுனாலும் நிக்கும். அதோட ஒரு மணி நேரத்துல 40 பதிலுக்கு மேல போனா தானா நின்னு எனக்கு எஸ்எம்எஸ் வரும். எஸ்எம்எஸ்தான், மெயில் இல்ல.

புது மெயில் வந்தா தகவல் சொல்லுனு கிராஃப்கிட்ட சந்தா போட்டு, நோட்டிஃபிகேஷன் வச்சு செய்றீங்கன்னா ஒரே மெயிலுக்கு ரெண்டு தடவை தகவல் வரலாம், அதனால மெசேஜ்-ஐடிய (ஒவ்வொரு மெயிலுக்கும் இருக்கிற தனி அடையாளம்) டேபிள்ல யுனிக்னு வைங்க. முதல்ல டேபிள்ல எழுதுங்க, அப்புறம் பதில் அனுப்புங்க. மாத்திச் செஞ்சா நடுவுல புரோகிராம் செத்து எழும்போது மறுபடி அனுப்பும். அந்த சந்தா ஒரு வாரத்துக்குள்ள காலாவதி ஆகிடும், புதுப்பிக்கலைனா சத்தமே இல்லாம நின்னுரும், நாமளும் ஊர்ல இருந்துக்கிட்டு ஓடுதுனு நினைச்சிட்டிருப்போம்.

17 அக்டோபர், ராத்திரி 11.30

கேட்டவர் பதில் வாசகத்தப் போட்டிருக்காரு: "தங்கள் மடல் எங்கள் குழுவின் பரிசீலனையில் உள்ளது. 24 மணி நேரத்திற்குள் தொடர்புகொள்வோம்." தயவுசெஞ்சு இத மாத்துங்க. யார் பரிசீலிக்கிறாங்க? எல்லாரும் ஊர்ல. இந்த ரெண்டு வரிதான் அந்த அண்ணன ரெண்டு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார வச்சுது. கோடுல இருந்த தப்ப நான் திங்கட்கிழமை மத்தியானமே சரி பண்ணிட்டேன். வாசகத்த சரி பண்ண ஒரு மாசம் ஆச்சு, ஏன்னா "யாரும் பாக்கலைனு எழுதுனா கம்பெனிக்கு கௌரவமா இருக்காது"னு மேல ஒருத்தர் ஒத்துக்கவே இல்ல. நான் அந்த அண்ணனோட மெயிலையும் எங்க பதிலையும் பக்கத்துல பக்கத்துல பிரின்ட் எடுத்து அவர் மேஜையில வச்சேன், ஒண்ணும் பேசல, படிச்சாரு, கையெழுத்துப் போட்டாரு.

இப்போ எங்களது இப்படி இருக்கு, வேணும்னா எடுத்துக்கோங்க:

"இது இயந்திரம் அனுப்பும் பதில். உங்கள் மெயிலை இன்னும் யாரும் படிக்கவில்லை. 23ஆம் தேதி வியாழன் காலை 9 மணிக்குப் படிப்போம். ஆஸ்பத்திரி, விபத்து, அவசரம் என்றால் காத்திருக்க வேண்டாம், செக்யூரிட்டி கேட் நம்பருக்கு இப்போதே போன் செய்யுங்கள்."

கேட் நம்பர்ல 24 மணி நேரமும் ஆள் இருப்பாங்க, எச்ஆர்ல அந்த வாரம் யார் முறைங்கற சீட்டு அங்க ஒட்டியிருக்கும். தனி ஆளோட பேரோ நம்பரோ இதுல இல்ல, அதனால 15ஆம் தேதி நான் சொன்ன பயமும் இல்ல. தமிழ் முதல்ல, கன்னடம் ரெண்டாவது, இங்கிலீஷ் கடைசி, எங்க ஆளுங்க போன்ல முதல் ரெண்டு வரிதான் திறக்காமலே தெரியும்.

18 அக்டோபர், காலை 6.20

போன் நம்பர தனி வரில போடுங்க, நடுவுல இடைவெளி வேணாம், தொட்டா டயல் ஆகணும்.

23 அக்டோபர், மதியம் 2.40

கேட்டவர் சேலத்துல இருந்து திரும்பி லாக் (புரோகிராம் என்ன செஞ்சதுங்கற பதிவு) அனுப்பியிருக்காரு. லூப் இல்ல, பவுன்ஸுக்கு பதில் போகல, மூணு நியூஸ்லெட்டரும் ஒரு டிக்கெட் சிஸ்டமும் காவல்ல நின்னிருக்கு. நல்லா செஞ்சிருக்காரு.

ஆனா ஒரு வரி என்னை உறுத்துது. ஒரு அம்மா சனிக்கிழமை பேஸ்லிப் கேட்டு எழுதியிருக்காங்க, பதில் போயிருக்கு. அவங்களே செவ்வாய்க்கிழமை மறுபடி எழுதியிருக்காங்க, இந்தத் தடவை பையன் வண்டியில இருந்து விழுந்துட்டான், இன்சூரன்ஸ் கார்டு நம்பர் வேணும்னு. அதுக்கு பதில் போகல. காரணம் நான் 9ஆம் தேதி எழுதுன "7 நாளைக்கு ஒரு பதில்". முதல் பதில்ல இருந்த கேட் நம்பர ஞாபகம் வச்சு அவங்க போன் பண்ணிட்டாங்க, நம்பரும் கிடைச்சிருச்சு. இருந்தாலும் அது அவங்க ஞாபகத்தால நடந்தது.

ஆர்எஃப்சி 3834ஐ திரும்ப எடுத்துப் படிச்சேன். அதுல தனி ஆளுக்கான பதிலையும் ஒரு சேவைக்கான பதிலையும் பிரிச்சுத்தான் பேசியிருக்காங்க. ஏழு நாள் கணக்கு லீவுல இருக்கிற தனி ஆளுக்கு பொருந்தும். ஹெல்ப்டெஸ்க்குங்கறது சேவை, அங்க ஒரே ஆள் ரெண்டு நாள்ல ரெண்டு வேற கஷ்டத்தோட வருவாங்க. நான் ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிட்டேன், எங்க ஆபீஸ்லயும் மூணு வருஷமா அப்படியேதான் ஓடிட்டிருக்கு.

இப்படி மாத்துங்க. இன்-ரிப்ளை-டூ ஹெடர் நம்ம பழைய மெயிலக் காட்டுச்சுன்னா பழைய பேச்சு, பதில் வேணாம். அது இல்லைனா புதுப் பேச்சு, பதில் போகட்டும், ஆனா ஒரே ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணுக்கு மேல வேணாம். டிக்கெட் சிஸ்டம் மறுபடி மாட்டுனா கூட மூணோட நிக்கும், நாலாவதுல எனக்கு எஸ்எம்எஸ் வரும். மனுஷன் ஒருத்தர் ஒரே நாள்ல நாலு தடவை எழுதுறாருன்னாலும் எஸ்எம்எஸ் வரும், அப்போ அவருக்கு மெஷின் பதில் எதுக்கு, நானே போன் பண்ணிடுவேன்.

23 அக்டோபர், ராத்திரி 10.15

எங்க ஆபீஸ்ல மாத்திட்டேன். டெஸ்டுக்கு என் போன்ல இருந்து "விடுப்பு கடிதம் வேண்டும்"னே தலைப்பு வச்சு நாலு மெயில் அனுப்புனேன். மூணுக்கு பதில் வந்துச்சு, வ உடையல, நாலாவதுக்கு எஸ்எம்எஸ்.